உயர ஸ்டாண்டில் தொங்கும் தழை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் இப்போது ரிசப்ஷன் என்றாலே நாலடி, ஐந்தடி ஸ்டாண்டில் பூ வைத்து, சுற்றிலும் பச்சைக் கொடியைத் தொங்கவிடச் சொல்கிறார்கள். டெக்கரேஷனுக்குப் புதிதாக வரும் பையன்கள் பூ விஷயத்தில் கெட்டிக்காரர்கள்தான், மாட்டுத்தாவணியில் விடியுமுன் நின்று ரோஜாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறார்கள். தழைக்கு மட்டும் கையில் கிடைத்ததை அள்ளி வருகிறார்கள். தண்ணீர் ஊற்ற மறப்பது மாதிரி எல்லோருக்கும் தெரிந்ததை இங்கே சொல்லப் போவதில்லை.

இளசைப் பார்த்து மயங்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். காசையும் அதிகம் தின்னும். கொடியின் நுனி இளம்பச்சையாகப் பளபளக்கும், இழுத்த பக்கம் வளையும், அதனால் அழகாகத் தொங்கும் என்று நினைத்து அதையே நறுக்குகிறார்கள். முற்றாத இலையின் தோல் மெல்லியது, உள்ளே இருக்கும் நீர் சீக்கிரம் போய்விடும். வாளியில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மேலே ஏற்றி, லைட் சூடும் பெடஸ்டல் ஃபேன் காற்றும் பட்டபிறகுதான் தெரியும்.

போன சித்திரையில் ஊருக்கு வெளியே ஒரு மண்டபத்தில் பார்த்தேன். மதியம் கட்டி முடித்தார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறுவதற்குள் நுனியெல்லாம் வெந்த கீரையாகத் தொங்கியது. பூ அத்தனையும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பார்த்தவர் கண் போனது அந்தக் கருத்த நுனிக்குத்தான். கடைசியில் தழையை எல்லாம் உருவிப் போட்டுவிட்டு, அரிக்கா பாம் இலையை அவசரமாக வாங்கிவந்து சொருகினார்கள். பெண் வீட்டார் பேசிய பணத்தில் பிடித்துக்கொண்டார்கள், கட்டிய பையன்களுக்குக் கூலிகூட மிஞ்சவில்லை.

இலையை விரலிடையில் மடக்கிப் பாருங்கள். விட்டதும் நிமிர்ந்தால் முற்றியது, மெத்தென்று மடிந்தே கிடந்தால் வேண்டாம். மணி பிளாண்டில் நுனியின் இரண்டு மூன்று இலையைக் கிள்ளிவிட்டு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். மலையிலிருந்து வரும் ஐவி வழியிலேயே வாடியிருக்கும், அதைக் கொடியோடு அரைமணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, அப்புறம் அடித்தண்டைப் புதிதாக வெட்டி வாளியில் நிறுத்துங்கள். எந்தத் தழையானாலும் முந்தின நாளே வாங்கி, ராத்திரி முழுக்க நிழலில் தண்ணீர் குடிக்க விடவேண்டும். விசேஷத்தன்று காலையில் வெட்டி மதியம் ஏற்றுவது மதுரை வெயிலுக்குச் சரிப்படாது.

ஃபோமை அமுக்குவது

பூத்தண்டு சொருகும் ஃபோம் கட்டி தண்ணீரில் தானாக மூழ்கட்டும். அமுக்கினால் நடுவில் காற்று தங்கிவிடும், அங்கே சொருகிய தண்டுக்குத் தண்ணீர் கிடைக்காது.

சாப்பாட்டு மேசைக்கு மேல் ஆஸ்பராகஸ்

வேண்டாம். ஊசி ஊசியான இந்தத் தழை காய்ந்தால் சாப்பாட்டு இலையில் உதிரும்.

வாழைத்தார் பக்கத்தில் வைப்பது

பழுக்கும் பழம் எத்திலீன் வாயுவை விடும். அதில் கார்னேஷன் பூ சுருங்கி மூடிக்கொள்ளும், சில தழைகள் மஞ்சளாகும். நம் கல்யாணத்தில் தார் இல்லாத ஸ்டோர் ரூம் ஏது? வராந்தா நிழலில் வையுங்கள்.

நின்றபடியே நீளம் பார்ப்பது

நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், நுனி கண்ணுக்கு மேலே நிற்கவேண்டும். ஒரு பக்கம் கட்டியதும் எதிர்ப்பக்கம் கட்டுங்கள், பச்சைக் கொடியின் கனத்துக்கு ஸ்டாண்ட் சாயும், அடியில் மணல் மூட்டையும் வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் மணி பிளாண்ட் கூடாது, இலையைக் கடித்தால் வாய் எரியும்.