அமைப்பொத்த தொடரைக் களிமண்ணும் ஈர்க்கும் கொண்டு கற்பித்தல்

ஒவ்வொன்றும் முன்னையதைவிட ஒரு CH₂ கூடிவரும் சேர்வைகளின் வரிசையே அமைப்பொத்த தொடர். அதன் பொதுச் சூத்திரத்தை (அற்கேன்களுக்கு CₙH₂ₙ₊₂) கரும்பலகையில் எழுதிப் பாடத்தைத் தொடங்க வேண்டாம். பிள்ளைகள் அதை மனனம் பண்ணிவிடுவார்கள். பிறகு, இரட்டைப் பிணைப்பே இல்லாத வளையமான சைக்கிளோஎட்சேனைக் (C₆H₁₂) கண்டாலும் "காபனின் இரு மடங்கு ஐதரசன், அப்ப இரட்டைப் பிணைப்புள்ள அற்கீன்தான்" என்று எழுதுவார்கள். சூத்திரம் கடைசியில் அவர்கள் வாயிலிருந்தே வரட்டும்.

நாலு பேருக்கு ஒரு தொகுதி போதும்: நெல்லிக்காய்ப் பருமனில் 4 காபன் உருண்டை, கடலைப் பருமனில் 10 ஐதரசன், செங்கல் தூளில் உருட்டிய 2 ஒட்சிசன், 4 சென்ரிமீற்றர் ஈர்க்குத் துண்டு 15. மணல் கலந்த மண் வெடித்துவிடும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே மணற்பாங்கான எழுவான்கரையில் உள்ள பாடசாலைகள், மேற்கே படுவான்கரை வயற்களியை எடுப்பித்து, ஈரத்துணியால் மூடி வைப்பது நல்லது.

முதலில் மெதேன். அநேகமானோர் நாலு ஈர்க்கையும் சிலுவைபோல ஒரே தளத்தில் குத்துவார்கள். மேசையில் மூன்று காலில் நின்று, நாலாவது மேலே பார்க்க வேண்டும், இடைக்கோணம் 109.5 பாகை. இனி ஓர் ஐதரசனைக் கழற்றி, அந்த இடத்தில் இரண்டு ஐதரசனோடு ஒரு காபனைச் செருகி, கழற்றியதை நுனியில் மாட்டச் சொல்லுங்கள். எதேன் வந்துவிட்டது, சார்மூலக்கூற்றுத் திணிவு 14 கூடியது. பியூற்றேன் வரை இதையே செய்யட்டும்.

கொதிநிலைகளைப் பக்கத்தில் எழுதுங்கள்: −162, −89, −42, −1 பாகை செல்சியஸ். பென்ரேனுக்கு எவ்வளவு என்று ஊகிக்க விடுங்கள். விடை 36. இடைவெளி ஏன் 73, 47, 41, 37 என்று சுருங்குகிறது என்ற கேள்விக்கு அவசரப்படாமல் நேரம் கொடுக்க வேண்டும். சங்கிலி நீள நீள, அதே துண்டு சேர்க்கும் பங்கு சிறிதாகிறது.

சேர்வையின் இயல்பைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டமான தொழிற்பாட்டுக் கூட்டத்தைக் கற்பிக்க, திணிவு ஏறக்குறைய ஒத்த நான்கை ஒப்பிடுவதைவிட நல்ல வழி இல்லை. புரொப்பேன் (44) −42இல் கொதிக்கும். எதனல் (44) 20இல். எதனோல் (46) 78இல். மெதனோயிக் அமிலம் (46) 101இல். எடை மாறவில்லை, கூட்டம்தான் மாறியது. முனைவுத்தன்மையும் ஐதரசன் பிணைப்பும் இங்கே தாமாகவே பேச்சுக்கு வரும்.

பெயரிடுகையில் அடிக்கடி வரும் பிழை, காபொட்சில் கூட்டத்தின் (−COOH) காபனை எண்ணாமல் விடுவது. வினாகிரியின் அமிலத்தை மெதனோயிக் என்பார்கள். உருவில் காபன்களைத் தொட்டு எண்ணினால் இரண்டு என்று தெரியும்: எதனோயிக்.

அதே அமிலத்தில் ஐதரொட்சிலை (−OH) கண்டு அற்ககோல் என்பவர்களுக்கு ஒரு சோதனை. 10 மில்லிலீற்றர் தென்னை வினாகிரியில் கால் தேக்கரண்டி அப்பச்சோடா போட்டால் காபனீரொட்சைட்டு பொங்கும். அற்ககோலான பாமசி ஸ்பிரிட்டில் பொங்காது. பக்கத்தில் நெருப்பு இருக்கக்கூடாது. அப்பச்சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் எடுத்தால் சோதனை கெட்டுவிடும்: அதிலேயே அமிலம் கலந்திருப்பதால், ஸ்பிரிட்டில் உள்ள தண்ணீர் பட்டாலும் குமிழி வரும். முதலில் வெறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள்.