நாட்டுக் கத்தரி: விதையிலிருந்து நாற்று வரை

விதைப் பாக்கெட்டில் 'எஃப்1' என்று அச்சிட்டிருந்தால் அது வீரிய ஒட்டுரகம், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது. அதன் விதையை எடுத்து வைத்தால் அடுத்த முறை தாய்ச்செடியைப் போலக் காய்க்காது. ஆகவே நாட்டு ரகமாகக் கேட்டு வாங்குங்கள். விதைத் திருவிழாக்களில் கிடைக்கும். என் மாடியில் இருப்பது 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள் கத்தரி. காம்பிலும் இலையிலும் முள். பறிக்கும்போது எரிச்சல் வரும், குழம்பில் வெந்ததும் போய்விடும்.

செம்மண், மண்புழு உரம், கழுவிய தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள அகலமான தட்டில் நிரப்புங்கள். கொஞ்சம் நாற்றுக்குக் குழித்தட்டு (நாற்றுக்கு ஒரு குழியுள்ள தட்டு) வீண் செலவு என்பது என் கட்சி. விதையை ஆறிய வடிகஞ்சியில் நனைத்து, ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா) தூளில் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். பிறகு அரை சென்டிமீட்டர் ஆழத்தில், விரலிடை விட்டு விதையுங்கள். ஒரு வாரத்தில் முளை தெரியும்.

என்னைப் பாடாய்ப் படுத்திய கட்டம் இதற்குப் பிறகுதான். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலையில் சாய்ந்து கிடக்கும். குனிந்து பார்த்தால் மண்ணை ஒட்டிய தண்டு மட்டும் நூலாக இளைத்திருக்கும். இதுதான் நாற்றழுகல். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினால் மிச்சமும் போகும், ஏனென்றால் ஈரத்தில் பெருகும் பித்தியம் போன்ற மண் நுண்ணுயிரிகள்தான் காரணம். சாய்ந்தது பிழைக்காது, சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி எறியுங்கள். மற்றவற்றுக்கு மேல்மண் உலரும்வரை தண்ணீர் காட்டாதீர்கள். மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நிற்கும், எனவே காலையில் மட்டும். பூவாளி வேண்டாம், தட்டைத் தண்ணீர் உள்ள தாம்பாளத்தில் கால் மணி நேரம் வைத்து எடுத்தால் வேர் தானே உறிஞ்சிக்கொள்ளும். நெருக்கமாக முளைத்ததில் சிலவற்றைப் பிடுங்கிவிடுங்கள். வெளிச்சமும் காற்றும் வேண்டும். ஜன்னலோரத்து நாற்று வெளுத்து, நெட்டையாக வளர்ந்து தானே மடியும்.

முப்பது, முப்பத்தைந்து நாளில் நான்கைந்து இலை வந்ததும் மாலை வேளையில் தொட்டிக்கு மாற்றுங்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பின்சேர்க்கை 1: "முளைக்கவே இல்லை" என்று பலர் எழுதியிருந்தார்கள். விதைத்த இடத்தைக் கிளறிப் பாருங்கள். விதையே இல்லையென்றால் எறும்பு தூக்கிப் போயிருக்கும். ஸ்டூலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி, தட்டை அதன்மேல் வையுங்கள்.

பின்சேர்க்கை 2: சேமித்த விதையில் வளர்ந்த செடியில் காயின் நிறம் மாறிவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். அருகில் வேறு ரகக் கத்தரி இருந்தால் வண்டும் தேனீயும் மகரந்தத்தைக் கலந்துவிடும். விதைக்கென இரண்டு மொட்டுகளை மெல்லிய துணிப் பையால் மூடி, பூத்ததும் காலையில் காம்பை லேசாகத் தட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அடையாளத்துக்கு நூல் கட்டுங்கள். காய் மஞ்சளாகப் பழுக்கும்வரை பறிக்காதீர்கள். சதையைத் தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை மட்டும் நிழலில் காயவைத்துச் சாம்பல் கலந்து பாட்டிலில் அடையுங்கள். ரகத்தின் பெயரை மூடியில் எழுதாமல் பாட்டிலில் ஒட்டுங்கள், மூடிகள் மாறிப்போகும்.