பேகன் போர்வையைக் கழற்றும் இடத்தில் நிறுத்துங்கள்: பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தொடங்குவோருக்கு

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் ஆனாலும் சரி, கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி ஆனாலும் சரி, பொழுது சாய்ந்தால் பிள்ளைகளை வெளியே விட முடிவதில்லை. பனி இறங்கிவிடும். சில ஊர்களில் தெருவுக்குள்ளேயே காட்டுமாடு வந்து நிற்கும். பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் அந்த நேரம் கதைக்கென்றே வாய்த்த நேரம். இப்போது அதைப் பெரும்பாலும் போன் எடுத்துக்கொள்கிறது. "கதை சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் வரமாட்டேங்குதே" என்கிற அம்மா அப்பாக்களுக்கும், சாயங்கால வகுப்பு எடுக்கும் தன்னார்வலர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கதை முடிந்தபின் நாம் சொல்லும் நீதி பிள்ளையிடம் தங்குவதில்லை. கதைக்கு நடுவே ஒருவர் முடிவெடுக்க வேண்டிய இடம் வருமே, அங்கே பிள்ளை தானாக யோசித்துச் சொன்னதுதான் தங்குகிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இடத்துக்குப் போய்ச் சேரத்தான்.

முதல் படி: கதையைத் தேர்ந்தெடுங்கள், குணத்தை அல்ல

இன்று நேர்மை, நாளை பொறுமை என்று பட்டியல் போட்டுக்கொண்டு கதை தேடாதீர்கள். அப்படித் தேடினால் கதை வேஷம் போட்ட அறிவுரைதான் கையில் கிடைக்கும். பிள்ளைகள் அதை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்களுக்கே பிடித்த கதையை எடுங்கள். பிறகு ஒன்றை மட்டும் பாருங்கள்: இதில் யாராவது "செய்யலாமா, வேண்டாமா" என்று தயங்கி நிற்க வேண்டியிருக்கிறதா? இருந்தால் போதும்.

பழனி மலையைச் சுற்றி வாழும் நமக்குக் கதைக்குப் பஞ்சமே இல்லை. மாம்பழப் போட்டியில் கோபித்துக்கொண்டு வந்த முருகன் கதையில், அந்தப் போட்டி நியாயமாக நடந்ததா என்று கேட்டால் பிள்ளைகள் விடியும்வரை வாதாடுவார்கள். இடும்பன் கதையும் அப்படித்தான். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளையும் காவடியாகத் தூக்கி வந்தவன், கொஞ்சம் இளைப்பாற இறக்கிவைக்கிறான். மறுபடி தூக்கப் பார்த்தால் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தால் குன்றின் மேல் கோவணம் கட்டிய ஒரு சிறுவன் நின்று "இது என் மலை" என்கிறான். அவ்வளவு தூரம் சுமந்து வந்தவனுக்கா, மேலே நிற்பவனுக்கா மலை சொந்தம்?

இங்கே உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது பேகன் கதை. கடையெழு வள்ளல்களில் ஒருவன், ஆவியர் குடியில் வந்தவன், பொதினி என்று அன்று பெயர் கொண்ட நம் பழனி மலையை ஆண்டவன். மயிலுக்குக் குளிருமே என்று தன் போர்வையைக் கொடுத்தவன். குளிர் என்றால் என்னவென்று நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை என்பதாலேயே இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இரண்டாம் படி: எலும்பை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்

கதையை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு துண்டுத் தாளில் ஐந்து வரி போதும். பேகன் மலைச்சாரலில் போகிறான். மேகம் கவிந்து குளிர்காற்று வீசுகிறது. மயில் ஒன்று தோகையை விரித்து நிற்கிறது, அதன் உடம்பு நடுங்குவதுபோல் தெரிகிறது. அவனிடம் இருப்பது ஒரே ஒரு போர்வை. கொடுத்துவிடுகிறான்.

மீதி எல்லாம் உங்கள் ஊரிலிருந்து வரட்டும். அவன் நடந்தது உங்கள் சோலைக்காட்டு வழியாக இருக்கட்டும். காலில் அட்டை ஏறட்டும், நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபடி பனிமூட்டம் வரட்டும். அடிவாரத்துப் பிள்ளைகளுக்கு மயில் அகவும் சத்தம் பழக்கம். மேல்மலைப் பிள்ளைகள் பலருக்கு அது புதிது, ஆகவே நீங்கள்தான் குரலில் காட்ட வேண்டும். வெட்கப்படாமல் கத்துங்கள்.

ஒரு முறை தனியாக இருக்கும்போது, அடுப்படியிலோ தோட்டத்திலோ, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுக்குகிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: விடுகதை, அப்புறம் "உம்"

உட்கார்ந்தவுடன் கதையைத் தொடங்க வேண்டாம். ஒரு விடுகதை போடுங்கள். "கழுத்து உண்டு தலை இல்லை, கை உண்டு விரல் இல்லை, உடல் உண்டு உயிர் இல்லை, அது என்ன?" சட்டை என்று யாராவது கத்துவார்கள். "சரி, அந்தச் சட்டை இல்லாமல் இப்போ வாசலில் போய் நிற்க முடியுமா?" என்று கேளுங்கள். குளிர் கதைக்குள் வந்துவிட்டது.

உம் கொட்ட ஒரு பிள்ளையை நியமியுங்கள். உம் கொட்ட ஆளில்லாமல் நம் பாட்டிகள் யாரும் கதை சொன்னதில்லை. உம் நின்றால் கதையும் நிற்கும் என்று சொல்லிவிடுங்கள். எப்போதும் ஓரமாக உட்காரும் பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுத்தால் நல்லது. வாய் திறந்து பேசத் தயங்கும் பிள்ளையும் உம் கொட்டும்.

நான்காம் படி: நிறுத்துங்கள்

இதுதான் முக்கியமான படி. மயில் நடுங்குகிறது, பேகன் பார்க்கிறான், கை போர்வையின் முனையைப் பிடிக்கிறது. அங்கே நிறுத்துங்கள். "பேகன் என்ன செய்வான்?" என்று கேட்காதீர்கள். அதற்கு நல்ல பிள்ளை பதில்தான் வரும். "நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள்.

அப்புறம் பேசாமல் இருங்கள். தொடங்குபவர்களுக்குக் கஷ்டமாக இருப்பது இதுதான். நாலைந்து மூச்சு விடும் நேரம் யாரும் பேசமாட்டார்கள். நீங்களும் பேசாதீர்கள்.

எங்கள் வகுப்பில் இந்த இடத்தில் ஒரு பெண் குழந்தை, குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே, "போர்வையைக் கொடுத்தா வீட்டுல அம்மா திட்டுவாங்க" என்றாள். பக்கத்தில் இருந்த பையன் உடனே, "மயிலுக்கு எதுக்குப் போர்வை? இழுத்துட்டுப் போனா முள்ளுல மாட்டிக்கும்" என்றான். இன்னொருத்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாதியாக் கிழிச்சுக் கொடுக்கலாம்" என்றாள். மூன்றுமே நல்ல பதில்கள். முதலாமவள் கொடுப்பதற்கு ஒரு விலை உண்டு என்று கண்டுபிடித்தாள். பையன், கொடுக்கும் பொருள் வாங்குபவருக்குப் பயன்பட வேண்டும் என்றான். மூன்றாமவள் பங்கிடலாம் என்றாள். ஈகையைப் பற்றி நான் அரைமணி நேரம் பேசியிருந்தாலும் இவை வந்திருக்காது.

அந்தப் பையன் கேட்டது பழைய கேள்வி. மயில் உடுக்காது, போர்த்தாது என்று தெரிந்தேதான் பேகன் கொடுத்தான் என்று புறநானூற்றில் பரணர் பாடுகிறார். மறுமையில் பலன் கிடைக்கும் என்று அல்ல, எதிரில் இருப்பவரின் வறுமையைப் பார்த்தே கொடுப்பவன் அவன் என்கிறார். இதைப் பையனிடம் சொன்னால், தன் கேள்வியைப் பெரிய புலவர் ஒருவரும் யோசித்திருக்கிறார் என்று நிமிர்ந்து உட்காருவான். எந்தப் பதிலுக்கும் "சரி", "தப்பு" சொல்லாதீர்கள். "அப்படியா, ஏன்?" போதும். பிறகு கதையை முடித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: கதையைக் கம்பாக்காதீர்கள்

"பேகன் போர்வையே கொடுத்தான், நீ தம்பிக்கு ஒரு பென்சில் கொடுக்கமாட்டேங்கிற" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அந்தக் கதை செத்துவிடும். அடுத்த முறை நீங்கள் கதை என்று தொடங்கினாலே, இன்றைக்கு எதற்குத் திட்டு என்று பிள்ளை யோசிக்கும். பிள்ளை செய்த தவறை அன்றைக்கே நேராகப் பேசிவிடுங்கள். கதையை அதற்கு இழுக்காதீர்கள்.

வயது பார்த்து

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் சின்னக் கதை போதும். ஒரே கதையைத் தினமும் கேட்பார்கள், சலிக்காமல் சொல்லுங்கள். பாட்டி வடை சுட்ட கதையில் காக்காவும் நரியும் போட்டி போட்டு முடித்தபின் "பாட்டிக்கு வடை போச்சே" என்று ஒரு பிள்ளை வருத்தப்பட்டால், அன்றைக்கு அந்த வருத்தத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

பத்து வயது தாண்டியவர்களுக்கு பேகன் கதையின் இன்னொரு பாதியைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். மயிலுக்கு இரங்கிய அதே பேகன், தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். இவள் சிலப்பதிகாரக் கண்ணகி அல்ல, வேறு ஒருத்தி. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய புலவர்கள் அவனிடம் போய், அவளிடம் திரும்பிப் போ என்று பாடினார்கள். எங்களுக்குப் பசியும் இல்லை, சுமக்கக் குடும்பமும் இல்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதுதான் நாங்கள் கேட்கும் பரிசு என்கிறார் பரணர். ஊருக்கு நல்லவர் வீட்டிலும் நல்லவராக இருக்கிறாரா? பெரியவர்கள் தப்பு செய்தால் யார் போய்ச் சொல்வது, எப்படிச் சொல்வது? இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மனதுக்குள் ஏற்கெனவே இருக்கும் கேள்விகள் இவை. நல்லவர் எப்போதும் நல்லவர் என்ற கதையை அவர்கள் நம்புவதில்லை, அது சரிதான்.

விலக்க வேண்டியவை

கறுப்பாக இருப்பவர் கெட்டவர், கால் ஊனமானவர் சூழ்ச்சிக்காரர், சிற்றன்னை என்றாலே கொடுமைக்காரி, ஒரு சாதியார் என்றாலே முட்டாள் என்று வரும் கதைகள் நம்மிடமும் உண்டு. அந்தப் பகுதியை மாற்றிச் சொல்லுங்கள், மாற்ற முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். கேட்கும் பிள்ளைகளில் ஒருவருக்குச் சிற்றன்னை இருக்கலாம்.

நம் மலையின் பழங்குடிகளான பளியர் குடும்பத்துப் பிள்ளைகள் உங்களிடம் வந்தால், அவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கதை சொல்ல அழையுங்கள். அவர்கள் கதையை அவர்கள் வாயால் கேட்பதே முறை. சாமி சம்பந்தப்பட்ட கதை என்றால், வெளியே சொல்லலாமா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

கதை தீர்ந்துபோனால்

வீட்டுப் பெரியவர்களிடம் "ஒரு கதை சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால் "எனக்கென்ன தெரியும்" என்பார்கள். வருஷத்தை வைத்துக் கேளுங்கள். குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கிறது. 2018-ல் பூத்தது, அதற்கு முன் 2006. "2006-ல குறிஞ்சி பூத்தப்போ நம்ம ஊர் எப்படி இருந்தது? அதுக்கு முந்தின பூப்புல நீங்க எங்கே இருந்தீங்க?" என்று பின்னோக்கிப் போங்கள். ரோடு வராத காலம், தலைச்சுமையாய்ச் சந்தைக்குப் போனது, வழியில் மாடு மறித்தது என்று ஒவ்வொன்றாக வரும். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதையே உம் கொட்டச் சொல்லுங்கள்.

பாட்டி சொன்னதை அன்று இரவே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்: யார் சொன்னது, எந்த ஊர், அவர்கள் சொன்ன பேச்சு வழக்கிலேயே ஐந்து வரி. அந்த ஐந்து வரியில் தயங்கி நிற்கும் இடம் எது என்று பார்த்து, அதன் கீழே ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த வாரம் சொல்லும்போது அங்கேதான் நிறுத்த வேண்டும்.