சினை நிற்காத மாட்டுக்கு முதலில் தீவனத்தைப் பாருங்கள்

மூன்று முறை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் என் பசுவுக்குச் சினை நிற்கவில்லை. மாதக்கணக்கில் அது தின்றது பழைய வைக்கோல்தான். பசுந்தீவனத்தில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற சத்து அதில் மிகக் குறைவு. இந்தச் சத்திலிருந்துதான் மாட்டின் உடல் வைட்டமின் ஏ தயாரிக்கிறது. கருமுட்டை முதிரும்போது செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, ஆற்றலோடு செல்லைச் சிதைக்கும் மூலக்கூறுகளையும் உண்டாக்கும். அந்தச் சேதத்தைக் குறைத்து முட்டை முதிர வைட்டமின் ஏ உதவுகிறது.

அதனால் ஊசிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பசுந்தீவனம் தொடங்குங்கள். முட்டை ஒரே வாரத்தில் வளர்வதில்லை. பச்சை கிடைக்காவிட்டால், வைட்டமின் ஏ சேர்த்த தாது உப்புக் கலவை கொடுக்கலாம். 400 கிலோ கறவை மாட்டுக்கு நாளுக்குச் சுமார் 44,000 ஐயூ (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) வைட்டமின் ஏ போதும். மிஞ்சினால் கல்லீரலில் தேங்கி நஞ்சாகும். மருத்துவரிடம் கேட்டே அளவு வையுங்கள். அப்புறம், மங்கிய வெளிச்சத்தில் மாடு தடுமாறினால் உடனே காட்டுங்கள். அது வைட்டமின் ஏ பற்றாக்குறையாக இருக்கலாம்.