மனநலச் சிகிச்சையில் எந்தப் படி? புதிதாக வந்தவர்களுக்கு

வெளிநாட்டுக்கு வந்து சேர்ந்த முதல் ஆண்டில் வீட்டில் ஒருவருக்கு மனம் சரியில்லாமல் போனால், நம்மில் பலர் "நாள்பட்டால் சரியாகிவிடும்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். பிறகு ஒருநாள் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடுகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவே பல படிகள் இருப்பது பெரும்பாலும் அங்கே காத்திருக்கும்போதுதான் தெரியவருகிறது.

முதல் படி குடும்ப மருத்துவர். பல நாடுகளில் அவருடைய பரிந்துரைக் கடிதம் இருந்தால்தான் மனநல மருத்துவரைப் பார்க்க முடியும். அவர் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால் எரிச்சல்படாதீர்கள். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் ஆள் மனச்சோர்வு வந்தவரைப் போலவே சுருண்டுவிடுவார். அடுத்தது வாரம் ஒருமுறை, ஏறக்குறைய 50 நிமிடம் நடக்கும் பேச்சுச் சிகிச்சை. அதை நடத்தும் உளவியலாளர் பொதுவாக மருந்து எழுதமாட்டார். அது மனநல மருத்துவரின் வேலை. அதற்கும் மேலே, பகலில் சிகிச்சை பெற்று இரவில் வீடு திரும்பும் திட்டங்கள் உண்டு. அமெரிக்காவில் இவை வாரத்துக்கு 9 மணி நேரத்தில் தொடங்கி 20 மணி நேரத்துக்கு மேலும் போகும். பிரிட்டனில் நெருக்கடிக் குழு வீட்டுக்கே வந்து பார்ப்பதுண்டு. மருத்துவமனையில் படுக்கை என்பது கடைசிப் படி.

இவற்றில் எது வேண்டும் என்பதை நோயின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. மனச்சோர்வு உள்ள ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டே பேச்சுச் சிகிச்சையில் தேறலாம். அதே நோய் உள்ள இன்னொருவரைத் தனியே விடக்கூடாத நிலை இருக்கலாம். அமெரிக்காவில் பயன்படும் லோக்கஸ் என்ற மதிப்பீட்டு முறை ஆறு கோணங்களில் பார்க்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து உண்டா, அன்றாட வேலைகள் நடக்கின்றனவா, மது போன்ற வேறு சிக்கல் உண்டா, முந்தைய சிகிச்சையில் எப்படித் தேறினார், இப்போது ஒத்துழைக்கிறாரா, சுற்றியுள்ள சூழல் தாங்குமா.

புதிதாக வந்தவர்களைப் பொறுத்தவரை கடைசிக் கேள்வியில்தான் கணக்கு மாறுகிறது. அண்ணன், அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்று நாலு பேர் சூழ இருப்பவரை மருத்துவர் வாராந்திர சிகிச்சையோடு வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதே ஆள் இங்கே அறையில் தனியாக இருக்கிறார், அல்லது துணைவர் இரவு வேலைக்குப் போய்விடுகிறார் என்றால், நோய் கூடாமலே ஒரு படி மேலே போக வேண்டியிருக்கும். இதை மருத்துவர் தானாக ஊகிக்கமாட்டார். "கூட யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டால், தொலைபேசியில் தினமும் பேசும் அம்மாவைச் சேர்த்து "குடும்பம் இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். அது தவறான தகவல். இரவு பத்து மணிக்கு அறைக்குள் யார் இருப்பார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

மொழியும் இதே போல் காலை வாரிவிடும். "நெஞ்சை அடைக்கிறது" என்பதை அப்படியே மொழிபெயர்த்தால் இதயப் பரிசோதனையோடு திரும்பி வருவீர்கள். முன்பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பல நாடுகளில் பொது மருத்துவமனைகளே கட்டணமின்றி ஏற்பாடு செய்கின்றன. பிள்ளையையோ கணவரையோ மொழிபெயர்க்க வைக்கவே வேண்டாம். சாக வேண்டும் போலிருக்கிறது என்பதை எந்தத் தாய் மகன் வாயால் சொல்ல வைப்பாள்?

பெரும்பாலும் மனச்சோர்வை அளக்கக் கையில் ஒரு கேள்வித்தாள் தருவார்கள். பிஎச்க்யூ-9 எனப்படும் அதில் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள் இருக்கும், மொத்தம் 27 புள்ளிகள். 10-ஐத் தொட்டாலே மருத்துவர் அக்கறையோடு பார்ப்பார். நாம்தான் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் 'சில நாட்கள்' என்று போட்டு வைக்கிறோம்! ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்கிறது. மொத்தப் புள்ளி குறைவாக இருந்தாலும் அதற்கு மட்டும் உண்மையான பதிலை எழுதுங்கள். வீட்டில் நீங்களும் அதை நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

சாவதற்கு வழியும் நேரமும் யோசித்து வைத்திருக்கிறார், இல்லாத குரல்கள் சொல்வதைக் கேட்டு நடக்கிறார், நாட்கணக்கில் உணவையும் தண்ணீரையும் தொடவில்லை என்றால் படிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அவசர எண்ணை அழையுங்கள், ஆளைத் தனியே விடாதீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நெருக்கடிக்கு 988, ஆஸ்திரேலியாவில் 13 11 14, பிரிட்டனில் 111.

மற்ற நேரங்களில், தொடங்கிய படிக்குக் கொஞ்சம் காலம் கொடுங்கள். மனச்சோர்வு மாத்திரை நன்றாக வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம்; பத்தாம் நாள் நிறுத்திவிட்டு மருத்துவரை மாற்றுவது வீண் அலைச்சல்.

மேலிருந்து இறங்கும் படியில்தான் பலர் வழுக்குகிறார்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் தற்கொலை ஆபத்து அதிகம். ஆகவே கையெழுத்துப் போட்டு வெளியே வரும் முன், அடுத்த சந்திப்பின் தேதியை அதே வாரத்துக்குள் கேட்டு வாங்குங்கள். மருந்துப் பட்டியலையும் இரவில் அழைக்கும் எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரைகளை அவர் வந்து சேரும் முன்பே மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.