மூன்று சக்கர ரிலையன்ட்: ஹெட்டில் கை வைக்கும் முன்

மிஸ்டர் பீன் வம்புக்கு இழுத்துக் கவிழ்த்துவிட்டுப் போவாரே, அந்த நீல நிற மூன்று சக்கர வண்டி ரிலையன்ட் ரீகல். அதற்கு அடுத்து 1973-இல் வந்தது ராபின். இரண்டுமே இங்கிலாந்தின் டாம்வொர்த் ஊரில் செய்யப்பட்டவை. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, இரும்புச் சேஸிஸ் மேல் ஃபைபர் பாடி. எடை குறைவு என்பதால் மோட்டார்சைக்கிள் லைசென்ஸ் வைத்தே ஓட்ட முடிந்தது, வரியும் குறைவாக இருந்தது. சைடுகார் வைத்த பைக்கில் குடும்பத்தோடு நனைந்துகொண்டு போனவர்கள் கூரைக்கு ஆசைப்பட்டு வாங்கிய வண்டி இது.

இன்று ஆசைக்காக வாங்குகிறவர்கள், ஆரம்பத்தில் நான் அடித்த கூத்துகளையே அடிப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஆயில் பாருங்கள், டயரில் காற்றைப் பாருங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

ஹெட்டைக் கழற்றிவிட்டு கிராங்கைச் சுற்றுவது

இதை நினைத்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

1962-இல் ரீகலுக்காக ரிலையன்ட் சொந்தமாக ஓர் எஞ்சின் செய்தது. நான்கு சிலிண்டர். பிளாக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் உடற்பகுதி) ஹெட்டும் (அதன் மேல் மூடி) அலுமினியம். 600 சிசியில் தொடங்கி, ராபினில் 848 சிசி வரை வளர்ந்தது. அருமையான சாமான். ஒரு ஆளே அசைத்துவிடலாம் என்கிற அளவுக்கு எடை குறைவு, சத்தமும் இதமாக இருக்கும். ஆனால் உள்ளே இருப்பவை வெட் லைனர்கள். அதாவது, பிஸ்டன் ஓடும் இரும்புக் குழாய் பிளாக்கோடு சேர்ந்து வார்க்கப்பட்டதல்ல. தனியாகச் செருகப்பட்டது. சுற்றிலும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), அது ஆயிலில் கலக்காமல் தடுக்க அடியில் ஒரு மெல்லிய சீல். லைனரை அழுத்திப் பிடித்திருப்பது ஹெட் மட்டுமே.

ஒரு பையன் எழுபதுகளின் ராபின் ஒன்றை வாங்கினான். ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீல்) போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடியக்கூடிய வேலைதான். நட்டுகளைக் கழற்றினான், ஹெட் அசையவில்லை. அலுமினிய ஹெட்டும் அதைப் பிடிக்கும் இரும்புத் திருகுக்கம்பிகளும் (ஸ்டட்) துருவால் ஒட்டிப்போயிருந்தன. ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் பொறுத்து, மரத்துண்டு வைத்து நாலாபுறமும் மெல்லத் தட்டியிருக்க வேண்டும். அவன் ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பினான். மெத்தென்ற அலுமினியத்தில் பள்ளம் விழுந்தது. சரி, அது கூடப் பரவாயில்லை, ஹெட்டை மட்டம் செய்துகொள்ளலாம்.

அப்புறம்தான் வந்தது வினை. பிஸ்டன் தலையில் கரி. இரண்டு பிஸ்டன்கள் மேலே, இரண்டு கீழே. கீழே இருப்பவற்றையும் சுரண்ட வேண்டுமென்று, பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டான கிராங்கைச் சுற்றினான். பிஸ்டன் மேலே ஏறும்போது ரிங்குகளின் பிடிப்பு லைனரையும் இழுத்துக்கொண்டு ஏறும். மயிரிழை அளவு நகர்ந்தால் போதும், அடி சீல் போச்சு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவன் புது கேஸ்கட் போட்டு, முறையாக முறுக்கி, கூலன்ட் ஊற்றினான். வண்டியும் ஜம்மென்று ஸ்டார்ட் ஆனது. இரண்டு நாள் கழித்து டிப்ஸ்டிக்கில், அதாவது ஆயில் அளக்கும் கம்பியில், பால் கலந்த நிறம். அடியில் உள்ள ஆயில் தொட்டியின் (சம்ப்) போல்ட்டைத் தளர்த்தியபோது முதலில் வந்தது தண்ணீர், பிறகுதான் ஆயில். எஞ்சினை முழுதாக இறக்கி, லைனர்களை எல்லாம் உருவி, புது சீல் போட்டு, பேரிங்குகளையும் மாற்ற வேண்டியதாயிற்று.

இவ்வளவுக்கும் பரிகாரம் சில்லறைக் காசு. ஹெட் வந்த உடனே ஸ்டட்டுகளில் குழாய்த்துண்டும் தடித்த வாஷரும் போட்டு, நட்டை முறுக்கி லைனர்களை அழுத்திப் பிடியுங்கள். அதற்கு முன் கிராங்க், ஃபேன், ஸ்டார்ட்டர் எதையும் தொடாதீர்கள். யாராவது காரைக் கியரில் வைத்துத் தள்ளினாலும் இதே கதிதான். ஹெட் வராவிட்டால் ஸ்டார்ட்டரைத் தட்டி, உள்ளழுத்தத்தால் அதைக் கிளப்பலாம் என்று யோசனை சொல்ல ஒருவர் வருவார். அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வெறும் தண்ணீர்

கூலன்டுக்குப் பதிலாக ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். மேலே சொன்ன துருவுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

எர்த்தை பாடியில் கொடுப்பது

எர்த் என்பது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, ஃபைபரில் மின்சாரம் ஓடாது. விளக்கு மங்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்குகிறது என்று பல்பாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு விளக்குக்கும் சேஸிஸ் வரை தனி எர்த் வயர் வேண்டும்.

கவிழும் என்று பயந்தே ஓட்டுவது

தொலைக்காட்சியில் ராபின் மூலைக்கு மூலை உருண்ட காட்சி பிரபலம். அது உருள வேண்டும் என்பதற்காகவே டிஃபரென்ஷியலில் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பகுதி) கைவைத்ததாக ஓட்டியவரே பின்னால் எழுதிவிட்டார். அதற்காக அசட்டையாகவும் ஓட்ட முடியாது. திருப்பத்தின் நடுவில் பிரேக் போட்டால் பாரம் முன்னால் போகும், அங்கே முட்டுக்கொடுக்க ஓரத்தில் சக்கரம் இல்லை. பிரேக் எல்லாம் திருப்பத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தனியாகப் போகும்போது இடப்பக்கத் திருப்பம்தான் மோசம். பாரம் வலப்பக்கம் சாய்கிறது, நீங்களும் வலப்பக்கமே உட்கார்ந்திருக்கிறீர்கள். இதைப் பழகிவிட்டால் வளைந்து நெளியும் கிராமத்துச் சாலையில் இந்த 40 குதிரைத்திறன் தரும் குஷி பெரிய கார்களில் கிடைக்காது. வண்டியே அரை டன்னுக்கும் குறைவு.

பளபளப்பைப் பார்த்து வாங்குவது

ஃபைபர் துருப்பிடிக்காது, கீழே இருக்கும் சேஸிஸ் பிடிக்கும். பிரிட்டனில் 2018 முதல், மாற்றியமைக்கப்படாத 40 வயது தாண்டிய கார்களுக்கு வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. அதனால் பல வருடமாக யாருமே அடியில் எட்டிப் பார்க்காத ராபின்கள் பாலிஷ் போட்டு விலைக்கு நிற்கின்றன. படுத்துப் பாருங்கள். பின்பக்க இலை ஸ்பிரிங் மாட்டும் இடங்களை விடாதீர்கள்.

பழைய பெட்ரோல் குழாய்

பிரிட்டனின் இப்போதைய பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் உண்டு, பழைய ரப்பர் அதற்குத் தாங்காது. ஃபைபர் நன்றாக எரியும். மாற்றிவிடுங்கள்.

சோதனைக் குழி

நடுவில் குழி வெட்டிய கராஜுக்குள் ஓட்டிப் போகாதீர்கள். முன்சக்கரத்துக்குத் தரை இருக்காது. லிஃப்ட் இருக்கிறதா என்று ஃபோனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். "மூணு சக்கரம்" என்பதையும் சொல்லிவிடுங்கள், சிரித்து முடித்துவிட்டுப் பதில் சொல்வார்கள்.