வெண்புள்ளி பரவுகிறதா, நின்றதா? இரத்தப் பரிசோதனைச் சீட்டை எப்படி வாசிப்பது

முழு உடல் பரிசோதனை என்று லேபில் எடுத்துவரும் பல பக்க அறிக்கையில், வெண்புள்ளி இப்போது பரவிக்கொண்டிருக்கிறதா என்ற கேள்விக்கு நேரடியான விடை எந்த வரியிலும் இருக்காது. தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குச் செல்லுமுன் இதைத் தெரிந்துகொண்டால் வீண் செலவு குறையும்.

நோய் தீவிரமாக இருக்கும்போது, இன்டர்ஃபெரான் காமா என்னும் நோய் எதிர்ப்பு மண்டலப் புரதத்தின் தூண்டுதலால் தோல் செல்கள் சி.எக்ஸ்.சி.எல்.9, சி.எக்ஸ்.சி.எல்.10 ஆகிய புரதங்களை வெளியிட்டு, நிறமிச் செல்களைத் தாக்கும் டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களை அங்கே வரவழைக்கின்றன. நிறமிச் செல்கள் சிதையும்போது எஸ்100பி என்னும் புரதமும் கசியக்கூடும். இவற்றின் அளவு பரவும் நிலையில் உள்ள பலருக்கு இரத்தத்தில் கூடுதலாகக் காணப்பட்டாலும், நோய் நின்றவர்களின் அளவோடு அது கலந்துவிடுவதாலும், அனைவரும் ஏற்ற எல்லை அளவு இல்லாததாலும், இவை இன்னும் ஆய்வுக்கூட அளவிலேயே நிற்கின்றன. பணம் கொடுத்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லை என்பதே என் கருத்து.

டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), தைராய்டு எதிர்ப்பொருள் ஆகியவற்றை மருத்துவர் கேட்பது வேறு காரணத்துக்காக: வெண்புள்ளியோடு தைராய்டு கோளாறும் சேர்ந்து வரும் வாய்ப்பு அதிகம். அந்த எண் ஏறினால் புள்ளி பரவுகிறது என்று பொருளல்ல. முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையெனில் தைராய்டு முடிவே தவறாக வரலாம். வைட்டமின் டி, பி12 பரிசோதனைகள் அந்தச் சத்துகளின் குறைபாட்டைக் காட்டுமே தவிர, பரவலைக் காட்டாது.

பரவலைச் சொல்வது தோல்தான். அரிசி நொய் சிந்தியதுபோல் சிறு வெண்பொட்டுகள் கூட்டமாகத் தோன்றுவது, ஓரம் மங்கித் தெளிவற்றுப்போவது, காயம்பட்ட இடமே வெளுப்பது ஆகியவை தீவிரத்தின் அடையாளங்கள். மாங்காய் பறிக்கும் பருவத்தில் பால் பட்டுப் புண்ணான இடத்தையும், கிரானைட் வேலையில் உராயும் கைமுட்டியையும் தனியே கவனியுங்கள். வூட்ஸ் விளக்கு என்னும் புற ஊதா விளக்கில் மருத்துவர் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத திட்டும் புலப்படும்.

மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். நோய் எவ்வளவு அண்மையில் பரவியது என்பதற்கு மருத்துவர்கள் எண் கொடுக்கும் ‘விடா’ (VIDA) மதிப்பீட்டில் கடைசி 6 வாரத்துக்குள் பரவியிருந்தால் +4, 3 மாதத்துக்குள் எனில் +3, 6 மாதத்துக்குள் +2, ஓர் ஆண்டுக்குள் +1, ஓர் ஆண்டு மாறாதிருந்தால் 0. தோல் ஒட்டுச் சிகிச்சைக்குப் பொதுவாக ஓர் ஆண்டேனும் நோய் நின்றிருக்க வேண்டும் என்பதால், தேதியிட்ட இந்தப் படங்களைத்தான் மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டும்.